ஏரியில் மீன் விட்ட பிறகு

நான் நடத்திய முதல் மாதர் சங்கக் கூட்டத்தை மீன் குஞ்சுகள் கலைத்துவிட்டன.

ஐம்பதுகளின் கடைசியில் அது நடந்தது. கிராம சேவிகா என்று ஒரு வேலை புதிதாக வந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமத்துக்கு அனுப்பி, புகையில்லா அடுப்பு, குழந்தை வளர்ப்பு, சோப்பு செய்வது எல்லாம் சொல்லித்தரச் சொல்வார்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்த அப்பா, உடம்பு முடியாமல் சீக்கிரமே வேலையை விட்டிருந்தார். அதனால் நான் வேலைக்குப் போவதை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போட்டார்கள். காலையில் ரயில், அப்புறம் பஸ், அப்புறம் நடை.

அன்றைக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் அடுப்பு மாதிரியை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். பெண்கள் நிறையவே வந்திருந்தார்கள். புகைக்குழாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சாலையில் ஒரு ஜீப் போனது. அதன் பின்பக்கத்தில் வட்ட வட்டமாகத் தகரப் பாத்திரங்கள். ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் கையை விட்டுத் தண்ணீரை அலசிக்கொண்டே போனான். "மீன் வண்டி, மீன் வண்டி" என்று யாரோ கத்த, என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து ஏரியைப் பார்த்து ஓடினார்கள். அடுப்பும் நானும் மிஞ்சினோம். கொஞ்ச நேரம் கௌரவமாக உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. நானும் ஓடினேன்.

ஏரிக்கரையில் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஒருவர் தண்ணீரில் நின்றிருந்தார். மீன் துறை இன்ஸ்பெக்டர். பாத்திரத்தை உடனே கவிழ்க்காமல், ஏரித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி அதற்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"ரயில்லயும் ஜீப்லயும் வந்த தண்ணி சூடா இருக்கும். இது குளிர்ச்சி. சட்டுனு விட்டா குஞ்சு செத்துரும். கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும்" என்றார். பிறகு என் நெற்றியைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார்.

"ஸ்ரீரங்கம்."

சிரித்துவிட்டார். "நான் நாகப்பட்டினம். கடல் மீனைத் தவிர வேற மீனைத் தொட்டதில்ல, என்னை ஏரிக்குப் போட்டுட்டாங்க. உங்களை மீன் பிடிக்கிற ஊருக்குப் போட்டிருக்காங்க. நல்ல டிபார்ட்மெண்டுங்க."

பாத்திரத்தை அவர் சாய்த்தபோது கடுகு தாளித்த மாதிரி சின்னச் சின்னதாக ஏதோ துள்ளி, மறு நொடி ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கட்லா, ரோகு என்று வடக்கிலிருந்து கொண்டுவந்த கெண்டை வகைகளாம். ஊர்க்காரர்கள் அன்றைக்கே அதற்குச் சர்க்கார் கெண்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு மீனைப் பற்றித் தெரிந்தது, அம்மா மண்டபம் படித்துறையில் பொரி போட்டால் வாயைத் திறந்துகொண்டு வரும் என்பதுதான். அதைத் தாண்டி ஒரு கேள்வி அன்று என்னைப் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்குள் விட்டாயிற்று. இனி இது யாருடைய மீன்? மாடு என்றால் கொம்பில் சாயம் இருக்கும். வாழை என்றால் வேலி இருக்கும். மீனுக்கு?

கேட்டுப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர், "குஞ்சு டிபார்ட்மெண்டோடது" என்றார். பெரிசானால் என்று கேட்டதற்கு, "அதுதான் எனக்கும் தெளிவா சொல்லல" என்றார். ஏரிப் பாசனத்தில் வாழையும் கரும்பும் வைத்திருந்த விவசாயி ஒருவர், தண்ணீரே தங்களுடையது, அதில் இருப்பது வேறு யாருடையதாக இருக்க முடியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பஞ்சாயத்துத் தலைவர் மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் பங்கு வைத்திருந்தவர், நிதானமாகப் பேசுவார். "புதுச் சட்டம் வந்திருக்கும்மா. ஏரி மீன் குத்தகை இனிமே பஞ்சாயத்துக்கு. அதுல வர்ற வருமானத்துல ஸ்கூலுக்கு ஓடு போடலாம்னு இருக்கேன்" என்றார்.

ஏரிக்கு மேற்கே ஒரு தெருவில் மீன் பிடிக்கிற குடும்பங்கள் இருந்தன. அங்கே ஒரு அக்கா. கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிடித்த மீனைக் கூடையில் எடுத்துப் போய் திருச்சி டவுனில் வீடு வீடாக விற்பார். குரல் ரயில் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அவரிடமும் கேட்டேன்.

"வலையில விழுந்தா எங்களுது, சேவிகாம்மா. விழாத வரைக்கும் ஏரியுது. எங்க மாமனார் காலத்துலேருந்து அப்படித்தான்."

"ஏலம் எல்லாம்?"

"இருந்திச்சு. தாலுகா ஆபீஸ்ல வருஷா வருஷம் கூப்பிடுவாங்க. இந்தப் பொடி மீனுக்கு எவன் வருவான்? எங்க தெருக்காரங்களே பேருக்குக் கேட்டு எடுத்துப்பாங்க."

எல்லோரும் சொன்னது அவரவர் அளவில் சரியாகவே பட்டது. இத்தனை பதில் இருந்தும் இதுவரை சண்டை வராதது எப்படி என்று யோசித்தேன். சண்டை போடும் அளவுக்கு அந்த ஏரியில் மீன் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

சர்க்கார் கெண்டை வளர்ந்தது. அடுத்த கோடைக்கு முன்பே ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். மாலையில் கரையோரம் நடந்தால் நடு ஏரியில் பளீர் பளீரென்று புரளும். மாதர் சங்கத்துப் பெண்களும் நானும் நின்று பார்ப்போம்.

அக்கா எப்படி விற்கிறார் என்று பார்க்கும் ஆசை எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் லால்குடியில் ஏறிய ரயிலில் நான் ஸ்ரீரங்கத்தில் ஏறிக்கொண்டேன். அம்மாவிடம் சிநேகிதி வீடு என்று சொல்லவில்லை, மீன்காரம்மாவுடன் டவுனுக்குப் போகிறேன் என்றே சொன்னேன். அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பி வந்ததும் கொல்லைப்பக்கமா வந்து ஸ்நானம் பண்ணிட்டு உள்ளே வா. தளிகை உனக்காகக் காத்துண்டிருக்காது" என்றாள். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய கடை வீதிக்குப் பின்னாலுள்ள சந்துகளில் அக்காவுக்கு நிலையான வீடுகள் இருந்தன. ஈரச் சாக்கை விரித்தால் விரால் உயிரோடு நெளியும். அதைப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். ஒரு முஸ்லிம் வீட்டில் வயதான அம்மாள் ஒருவர் கதவுக்குப் பின்னால் நின்றே விராலைத் தேர்ந்தெடுத்தார். "எங்க புள்ளைங்க அத்தாவுக்கு நீ கொண்டாந்தாத்தான் இறங்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இனிமே நீ வரமாட்டியாமே? மார்க்கெட்டுல பெரிய மீன் கடை வச்சிருக்காரே, அவரு ஆளு சொன்னாரு. உங்க ஏரியை அவரு எடுக்கப் போறாராம். இனிமே அந்த ஏரி மீன் அவரு கடையில மட்டும்தானாம்" என்றார்.

அக்கா கையிலிருந்த மீனைச் சாக்கில் போட்டார். "எங்க ஏரியை எனக்குத் தெரியாமலா?" என்று சிரித்தார். கூடையில் மீன் மிச்சம் இருந்தது. அடுத்த சந்துக்குள் நுழையாமலே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம்.

அந்த அம்மாள் சொன்னது உண்மைதான். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஏலம் நடந்தது. டவுனிலிருந்து வியாபாரி காரில் வந்தார். வெள்ளை வேட்டி, பன்னீர் வாசனை, யாரைப் பார்த்தாலும் கும்பிடு. மீன் தெரு ஆண்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த தொகைக்குப் போய்விட்டார். தலைவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. ஸ்கூல் கூரை ஓடுகளை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து எல்லாம் மாறிற்று. மீன் தெரு ஆண்கள் வியாபாரியிடம் கூலிக்கு வலை போட்டார்கள். மீன் கரையில் எடை போடப்பட்டு, ஐஸ் பெட்டியில் ஏறி, லாரியில் திருச்சிக்குப் போயிற்று. கரையில் பெண்கள் கூடையோடு நிற்கக் கூடாது என்று காவல் போட்டார்கள். பொடி மீனைக் கூடத் தொடக் கூடாது. அக்கா என்ன செய்தார் தெரியுமா? வெறுங்கூடையோடு ரயிலில் டவுனுக்குப் போய், அந்த வியாபாரி கடையில் தன் ஏரி மீனை விலைக்கு வாங்கி, அதே சந்துகளில் விற்றார். "கண்ணு கலங்கிப்போன மீனு. விரால் வாங்கற அந்த அம்மா ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டாங்க. எனக்குத்தான் வெக்கமா இருந்திச்சு" என்றார்.

நான் தலைவரிடம் போய்ப் பேசினேன். இப்படி ஆகிவிட்டதே என்றேன்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க. என் பாக்கெட்டுல போட்டேனா? யாரு அதிகம் கேட்டானோ அவனுக்குக் குடுத்தேன். குறைச்சலாக் குடுத்திருந்தா ஊர்க்காரங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரும் திருடவில்லை. மீன் நிறைய ஆயிற்று, விலை வந்தது, அதோடு எல்லாம் கைமாறிப் போயிற்று. இன்ஸ்பெக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "குஞ்சு விட்டா மீனு வளரும்னு படிச்சிருக்கேன். இதெல்லாம் வளரும்னு படிக்கல" என்றார்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மீன் தெருவில் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிக்கலாம், சங்கம் இருந்தால் அடுத்த முறை ஏலம் இல்லாமலே குத்தகை கேட்கலாம் என்று அலைந்தார். வாரம் இரண்டு தடவை தெருவுக்கு வருவார். வேப்ப மரத்தடியில் ஆண்கள் உட்காருவார்கள். அக்காவின் கொழுந்தன், கணவருடைய தம்பி, நன்றாகப் பேசுவார். அவரைத் தலைவராக வைத்தார்கள். பெண்கள் வாசலில் நின்று கேட்டார்கள். நான் பெண்களோடு நின்றேன். சங்கம் பதிவாயிற்று. ஆனால் வியாபாரியின் குத்தகை முடியாமல் சங்கத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆண்கள் சங்க உறுப்பினர்களாகவும் இருந்தார்கள், வியாபாரிக்குக் கூலியாகவும் போனார்கள்.

அடுத்த வருஷச் சித்திரை முடியும் சமயம். ஏரியில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வரும் வரை அந்த மிச்சத்தைத்தான் விவசாயிகள் வாழைக்கும் கரும்புக்கும் மாட்டுக்கும் பார்த்துப் பார்த்து விடுவார்கள். ஒரு காலை பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது சாலையோர வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த வாய்க்கால். சருகும் நுரையுமாக வேகமாக வந்தது. அறுத்துவிட்ட வெறும் வயல்களில் போய்ப் பரவியது. யாருக்காக இந்தத் தண்ணீர் என்று புரியாமல், தண்ணீர் வந்த வழியே எதிர்த்து நடந்தேன்.

ஏரி மதகு முழுக்கத் திறந்திருந்தது. பூட்டும் அடைப்புப் பலகையும் உடைந்து தரையில் கிடந்தன. வியாபாரியின் ஆட்கள் விடியலிலேயே வந்து உடைத்துத் திறந்திருக்கிறார்கள். குத்தகை முடிய அதிக நாள் இல்லை. தண்ணீரை வடித்துவிட்டால் மீன் எல்லாம் ஒரு பள்ளத்தில் சேரும், ஒரே வாரில் வாரிவிடலாம் என்று கணக்கு. பள்ளத்தில் சேறு கொதிப்பது போல் மீன் கொந்தளித்தது. சுற்றிலும் வலை. வலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் மீன் தெரு ஆண்களேதான், கூலி.

சேறாகிப்போன ஓரங்களில் சின்ன மீன் துடித்துக்கொண்டு கிடந்தது. லாரிக்கு ஆகாத மீன். அக்காவும் இன்னும் சில பெண்களும் கூடையோடு இறங்கிக் கையால் பொறுக்க ஆரம்பித்தார்கள். நான் கரையிலிருந்து பார்க்கும்போதே காவலாள் ஒருவன் சேற்றில் இறங்கி அக்காவின் கூடையைக் காலால் மிதித்தான். அக்கா கூடையை விடவில்லை. அவன் இழுத்தான். அடுத்து அவன் கை ஓங்கியதும், அக்கா முகம் குப்புறச் சேற்றில் விழுந்ததும்தான் எனக்கு நினைவிருக்கிறது. எழுந்தபோது வாயெல்லாம் சேறும் ரத்தமும். முன்பல் ஒன்று இல்லை.

கொழுந்தன் அதைப் பார்த்தார். கையிலிருந்த வலையை அப்படியே விட்டார். பக்கத்தில் நின்றவர் விட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் விட்டுவிட, வலை சரிந்து மீன் ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அதே நேரத்தில் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துவிட்டு விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். மீன் தெருக்காரர்களுக்காக வரவில்லை, தண்ணீருக்காக வந்தார்கள். மதகு வாயில் வைக்கோல் கட்டும் மண் மூட்டையும் போட்டு அடைக்கப் பார்த்தார்கள். தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தது. அப்போது வலையை விட்டுவிட்டு வந்த ஆண்கள் மதகுக்குள் இறங்கி, முதுகைக் கொடுத்து மூட்டையைத் தாங்கினார்கள். மேலேயிருந்து விவசாயிகள் மண் போட்டார்கள். ஒரு தெருக்காரர் இன்னொரு தெருக்காரரைத் தொட்டுக்கொண்டு வேலை செய்ததை அந்த ஊரில் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். தண்ணீர் நின்றது. வியாபாரியின் லாரி காலியாகத் திரும்பியது.

அக்காவை நான் லால்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ் கண்டக்டர் சேற்றுப் புடவையைப் பார்த்து ஏற்ற மாட்டேன் என்றார். என் டிரெயினிங்கில் சொல்லித்தராத குரலில் நான் கத்தினேன், ஏற்றினார். "இப்படியும் பேசத் தெரியுமா உங்களுக்கு?" என்று அக்கா வீங்கிய வாயோடு கேட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா, புடவையில் ரத்தத்தைப் பார்த்துப் பதறினாள். நடந்ததைச் சொன்னேன். ஸ்நானம் பண்ணச் சொல்ல மறந்துவிட்டாள். "அந்த மனுஷிக்குப் பல் போயிடுத்தா? கஞ்சியாவது குடிக்க முடியறதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே ஏரிச் செய்தி கேட்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

சமாதானக் கூட்டம் ஸ்கூலில் நடந்தது. ஓடு பாதிதான் போட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் வெயில். சப்-கலெக்டர் வந்திருந்தார். இளவயதுக்காரர், பேசுவதைவிடக் கேட்பதில் பொறுமை உள்ளவர். நேரில் பார்த்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் பார்த்ததிலிருந்து சொன்னேன்.

வியாபாரி கும்பிட்டுவிட்டு, குத்தகை எடுத்தவனுக்கு மீனை எடுக்க உரிமை இல்லையா என்று கேட்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் எழுந்தார். "மீனைத்தான் குத்தகைக்கு விட்டேன். தண்ணியை விடல. எங்கிட்டக் கேக்காம பூட்டை உடைச்சிருக்காங்க." அவர் குரல் ஏறிக் கேட்டது அன்று மட்டும்தான்.

குத்தகை அந்த இடத்திலேயே ரத்தாயிற்று. அடித்தவன் மேல் கேஸ் தனியாக நடந்தது. இனி என்ன என்பதுதான் பேச்சு. சங்கத்துக்குக் கொடுக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். விவசாயிகள், சங்கம் மட்டும் தண்ணீரை வடிக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார்கள். தலைவர், பஞ்சாயத்துக்கு வருமானம் வந்தாக வேண்டும் என்றார். வெகுநேரம் இழுபறி. கடைசியில் மதகுக்கு இரண்டு பூட்டு என்று முடிவாயிற்று. ஒரு சாவி விவசாயிகளிடம், ஒன்று சங்கத்திடம். இரண்டும் இல்லாமல் திறக்க முடியாது. பஞ்சாயத்துக்கு நிலையான குத்தகை, ஏலம் இல்லை.

சப்-கலெக்டர் எழுந்திருக்கப் போகும்போது அக்காவைப் பார்த்தார். வாய் இன்னும் வீங்கியிருந்தது. "நீங்க சங்கத்துல மெம்பர்தானே?"

"இல்லீங்க."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவரு செத்துட்டாருங்க." பிறகு உட்காராமல் நின்றார். "ஐயா, ஒண்ணு கேக்கணும். வலை போடறவங்க மீனவருங்கன்னு சங்கத்துல சேத்தீங்க. அந்த மீனைத் தூக்கிட்டுப் போய் வித்து, அரிசி வாங்கிட்டு வர்ற நாங்க யாருங்க? நாளைக்குச் சங்கமும் லாரி வச்சா நாங்க எங்க போறது?"

மீன் தெரு ஆண்களிடையே முணுமுணுப்பு. கொழுந்தன், "அண்ணி, இதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம்" என்றார்.

"வீட்டுல பேசி எத்தினி நாளாச்சு, தம்பி?"

சப்-கலெக்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "சார், ரூல்ல மீன் தொழில் செய்யறவங்கன்னுதான் இருக்கு. ஆம்பளைன்னு இல்ல. நாங்க... யாரும் யோசிக்கல." நானும் யோசிக்கவில்லை. அவ்வளவு நாள் வாசலில் பெண்களோடு நின்று கேட்டும், எல்லோரையும் எத்தனையோ கேள்வி கேட்டும், இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

ஆண்கள் லேசில் ஒப்பவில்லை. பெண்கள் வந்தால் ஒவ்வொரு வீட்டுச் சண்டையும் சங்கத்துக்கு வரும் என்றார்கள். அதில் பொய் இல்லை, பின்னால் வரத்தான் செய்தது. ஒரு மாதம் வரை தெருவில் அண்ணியும் கொழுந்தனும் முகம் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் ஏரி வேலை தொடங்க வேண்டிய அவசரத்தில், கூடை தூக்கும் பெண்களில் விரும்பியவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் பிடிக்கும் மீனில் பெண்களுக்கு வேண்டியதைக் கரையிலேயே முதலில் எடுத்துக்கொள்ளலாம், மிச்சம்தான் மார்க்கெட்டுக்கு; பொடி மீன் முன்பு போலப் பொது என்றும் முடிவாயிற்று.

எல்லாம் நன்றாகப் போனது என்று சொல்ல மாட்டேன். முதல் வருஷம் எடையில் சண்டை. இரண்டாம் வருஷம் ஜிலேபிக் கெண்டை என்று இன்னொரு மீனை விட்டார்கள். அது பெருகிப் பெருகி, ஏரியில் வேறு மீன் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அதைத் தன் சொந்தத் தோல்வி மாதிரி எடுத்துக்கொண்டார். பிறகு அவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. கடலைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் எங்களிடம் சரியாக விடைபெறக்கூட மறந்துவிட்டார். சங்கத்தில் சிலர் விலகினார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். அக்கா கமிட்டிக்கு நின்று, ஒரு தடவை தோற்று, அடுத்த தடவை ஜெயித்தார். மதகுச் சாவி அவர் இடுப்பில் வந்தது அப்படித்தான்.

எனக்கு வையம்பட்டிப் பக்கம் மாற்றல் உத்தரவு வந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. மாதர் சங்கத்தில் விடைபெற்றுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. பாசன விவசாயிகளின் சாவி வைத்திருந்த பெரியவர். நிறைய நிலம் உள்ளவர். மீன் தெருவுக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"வாழை துவளுதும்மா. மதகைத் திறக்கணும். உன் சாவி வேணும்" என்றார்.

"உள்ள வாங்க ஐயா. உக்காருங்க" என்றார் அக்கா. உட்கார ஒன்றுமில்லை. ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார். பெரியவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப இறக்கினா மீனு சூட்டுல சாவும் ஐயா. இன்னும் வளரவேயில்ல. பத்து நாள் பொறுங்களேன்."

"பத்து நாள் பொறுத்தா வாழையை அறுத்து மாட்டுக்குத்தான் போடணும்."

"அப்ப கால் மதகு திறங்க."

"கால் மதகுத் தண்ணி கடைசி வயலுக்கு எங்க போய்ச் சேரும்? பாதி."

வெகுநேரம் பேசினார்கள். அவர் ஒவ்வொரு தோப்பாகச் சொன்னார், இவர் ஏரியின் ஒவ்வொரு பள்ளமாகச் சொன்னார். கோபம் வந்தது, குரல் ஏறியது, ஆனால் இருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இரண்டு பேருமாக மதகுக்கு நடந்தார்கள். நானும் போனேன். சங்கத்து ஆட்கள் இருவரும் விவசாயிகள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பெரியவர் ஒரு பூட்டைத் திறந்தார், அக்கா ஒன்றைத் திறந்தார். பலகை ஏறியது. மீன் போகாமல் மதகு வாயில் கட்டியிருந்த வலைக் கம்பிக்குப் பின்னால் சின்ன மீன்கள் தண்ணீரை எதிர்த்து நின்றன.

"போதும்" என்றார் அக்கா.

"இன்னும் ரெண்டு விரல்" என்றார் பெரியவர்.

"ஒரு விரல்."

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வரேன் அக்கா என்றேன். அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயிட்டு வாங்க சேவிகாம்மா, அந்த ஊருல ஏரி இருந்தா அங்க மீன் விக்கறவங்களை எனக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்க" என்றார். கரையைத் தாண்டி சாலைக்கு வந்த பிறகும் அவர்கள் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் எனக்கு முன்னால் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை விரலில் நிறுத்தினார்கள் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.